நாலாவது தடவை சொன்னது

மேகூன் கிராமம் தாண்டியதும் சாலை பனியில் வெளுத்துவிட்டது. சியாமக் வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களுக்கு வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்ட இறங்கினான். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி ரோஷனக் கண்ணைத் திறக்கவில்லை. இரும்பு கலகலக்கும் சத்தமும், அவன் நிமிரும்போது கதவைப் பிடித்துக்கொள்ளும் சத்தமும் மட்டும் கேட்டன. வாரத்தில் ஆறு நாள் அவள் தெஹ்ரானில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் கைகளில் ஊசி குத்துகிறாள். ஏழாவது நாள், வெள்ளிக்கிழமை, நாலரை மணிக்கு எழுந்து ஃப்ளாஸ்கில் தேநீர் நிரப்பிக்கொண்டு மலைக்கு வருகிறாள். இதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பின்சீட்டில் இந்தத் தடவை பலகை இல்லை. ஏழு குளிர்காலமாக அங்கே கிடந்த ஸ்னோபோர்டு, போன நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் பனிக்கு அடியிலிருந்த பாறையில் மோதி, இரும்பு ஓரம் பிய்ந்து வயிறு பிளந்துவிட்டது. நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர் நீளம். இரண்டு பலகை வாங்க அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. அதனால் இருவருக்கும் பொதுவாக ஒன்று என்று அதை வாங்கியிருந்தார்கள். விற்றவன் பலகையை நிமிர்த்தி முதலில் சியாமக்கின் பக்கத்தில் வைத்தான், பிறகு ரோஷனக்கின் பக்கத்தில். அவனுக்குத் தாடைக்கு வந்தது, அவளுக்குக் கண்ணுக்கு வந்தது. ரெண்டு பேருக்கும் முகத்துலதானே நிக்குது, அப்புறம் என்ன என்றான். அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஷெம்ஷக் மலைச்சரிவில் அவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஏராளம். ஒருவர் நாற்காலி லிஃப்டில் ஏறிப்போய்ச் சறுக்கி இறங்குவார், மற்றவர் அடிவாரத்தில் ஃப்ளாஸ்கோடு நிற்பார். இறங்கியவர் பலகையைக் கழற்றிக் கொடுக்க, நின்றவர் வாங்கி, பூட்ஸ் பட்டைகளை நான்கு பல் தளர்த்தியோ இறுக்கியோ மாட்டிக்கொண்டு ஏறுவார். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவர்கள் சேர்ந்து இறங்கியதில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் நாங்கள் வெள்ளிக்கிழமை சேர்ந்து மலைக்குப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். பொய்யில்லை. அந்தக் கைமாற்றல் இருந்தது. பனி ஒட்டிய கையுறைகள் இரண்டும் பலகையின் இரண்டு முனையிலும் ஒரு கணம் சேர்ந்து பிடித்திருக்கும். எப்படியிருந்துச்சு என்று ஒருவர் கேட்பார், மேல காத்து என்று மற்றவர் சொல்வார். மற்ற ஆறு நாளில் அவ்வளவு பேச்சுகூட வாய்ப்பதில்லை.

வாடகைப் பலகை என்ற யோசனையைச் சியாமக் ஒரே நாளில் கைவிட்டிருந்தான். தேய்ந்த ஓரத்தோடு பனிக்கட்டியில் ஏறி, நூறு மீட்டர் முதுகில் வழுக்கிக்கொண்டு வந்த நாள் அது.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவன் கைகளை ஊதிக்கொண்டே, இந்தத் தடவை அவள் அளவுக்கே வாங்கிவிடலாம் என்றான். சும்மா இரு, உன் அளவுக்கு வாங்கு என்றாள் ரோஷனக், கண்ணைத் திறக்காமலே.

ஒன்று, என்று அவள் மனம் எண்ணிக்கொண்டது.

எண்ணுவது பழக்கம். ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். டாக்ஸிக்காரர் காசு வேண்டாம், உங்களைவிடவா காசு பெரிசு என்பார். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார். மூன்றாம் தடவை நீட்டினால் வாங்கி எண்ணிப் பார்ப்பார். விருந்தாளி பசியில்லை என்றால் அது பசி, மூன்றாவது தடவையும் பசியில்லை என்றால்தான் பசியில்லை. வெளியாட்களிடம் இதனால் ஒரு தொல்லையும் இல்லை, கணக்கு எல்லோருக்கும் தெரியும். ரோஷனக்கும் சியாமக்கும் பதினான்கு வருடமாக வீட்டுக்குள்ளும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். கடைசித் துண்டு கபாப், ஜன்னலோரப் படுக்கை, கோடைக்குக் கடலா மலையா, எல்லாமே இரண்டு தடவை மறுப்பு, மூன்றாம் தடவை சம்மதம். உண்மையில் யாருக்கு எது வேண்டும் என்பது இருவருக்குமே தெரியாது. மூன்றாம் தடவைக்குள் யார் முதலில் சோர்ந்தார்களோ அவர்களுக்கு அது கிடைத்தது.

இந்தக் குளிர்காலத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ரோஷனக்குக்குத் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஷெம்ஷக்கில் இரண்டு லிஃப்ட். முதலாவது நடு நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து இரண்டாவது மேலே, மேகத்துக்குள் போகும். ஏழு வருடமாக அவள் நடு நிலையத்தில் இறங்கி நடு நிலையத்திலிருந்து சறுக்கினாள். விழமாட்டாள், யாரையும் இடிக்கமாட்டாள், அதற்கு மேலே எதுவுமில்லை. பயிற்சியாளர்கள் ஆட்களை வகை பிரிக்கும்போது அவளைப் பார்த்து ‘நடுத்தரம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. மேலே ஒரு தடவை ஏறி, அங்கிருந்து தன் காலில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கேட்டால், நான் சியாமக்குக்காகத்தான் வருகிறேன், எனக்கென்ன இந்த வயதில் என்பாள். மாமியாரிடமும் பரிசோதனைக் கூடத்துப் பெண்களிடமும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வாயில் தானாக வந்தது.

அயூபின் கடை, லிஃப்டுக்குப் போகும் சாலையின் கடைசி வளைவில் இருந்தது. அந்த ஊர்க்காரர், எல்லோருக்கும் உஸ்தா, அதாவது ஆசான். ஒருகாலத்தில் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஓடியவர். இப்போது ஐம்பதைத் தொட்ட, அதிகம் பேசாத, பேசினால் கூசாத மனிதர். ஆண் வாடிக்கையாளர்கள் அனைவரையும் இன்ஜினியர் என்றும், பெண்களைக் கானும், அதாவது அம்மணி, என்றும்தான் அழைப்பார். சியாமக் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறவன். முதல் வருடத்தில் ஒருமுறை, நான் இன்ஜினியர் இல்லை என்று திருத்தினான். தப்பில்ல இன்ஜினியர், எல்லாரும் ஆகிட முடியுமா என்று அயூப் ஆறுதல் சொன்னதிலிருந்து விட்டுவிட்டான்.

கடையின் நடுவில் ஒரு எடை பார்க்கும் எந்திரம் கிடந்தது. அதன் முள் அயூப் உட்காரும் முக்காலியின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் எடையைக் கேட்கமாட்டார். கேட்டுப் பார்த்துச் சலித்தவர். பெண்கள் ஐந்து கிலோ குறைத்தும், ஜிம்முக்குப் போகும் பையன்கள் ஐந்து கிலோ கூட்டியும் சொல்வார்கள், அதை நம்பிப் பலகை கொடுத்தால் மலை உண்மையைச் சொல்லிவிடும். எந்திரத்தில் ஏறச்சொல்லி, முள்ளைத் தான் மட்டும் பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், நேராகச் சுவரில் இருக்கும் அளவுகோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கீறு போடுவார். அதுதான் பலகையின் நீளம்.

இருவரையும் கோட்டும் பூட்ஸுமாக ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார். சுவரில் இரண்டு கீறு விழுந்தது. நூற்று அறுபதுக்குக் கொஞ்சம் கீழே ஒன்று, நூற்று நாற்பத்தெட்டின் பக்கம் ஒன்று.

சியாமக் இரண்டு கீறுக்கும் நடுவே விரலை வைத்து, இங்கே இருக்கிற மாதிரி ஒன்று இல்லையா என்று கேட்டான்.

“இருக்கு,” என்றார் அயூப். “நூத்தி அம்பத்துமூணு. ரெண்டு பேருக்கும் ஆகாது.”

சும்மா சொல்லவில்லை, எடுத்துக் காட்டினார். சிறிய பலகை ஒன்றைத் தரையில் போட்டுச் சியாமக்கை ஏறி நிற்கச் சொன்னார். நாற்பத்து நான்காம் எண் பூட்ஸின் முனை ஓரத்தைத் தாண்டி மூன்று விரல்கடை வெளியே நீண்டது. சாய்ந்து திரும்பினால் இரும்பு ஓரம் பிடிப்பதற்குள் பூட்ஸ் பனியில் உரசி ஆளைத் தூக்கி அடிக்கும் என்றார். பிறகு அகலமான நூற்று ஐம்பத்தொன்பதைப் போட்டு ரோஷனக்கை நிற்கச் சொன்னார். அவளுடைய முப்பத்தெட்டாம் எண் கால்கள் பலகையின் நடுவில், பெரிய தட்டில் வைத்த இரண்டு பேரீச்சம்பழம் போல நின்றன. விரலும் ஓரத்துக்கு எட்டவில்லை, குதிகாலும் எட்டவில்லை.

“உயரத்தை வச்சு அளக்கிறது அவசரத்துக்கு, கானும். நீங்க எவ்வளவு உயரம்னு பலகைக்குத் தெரியாது. எவ்வளவு கனம், கால் எவ்வளவு பெரிசு, இவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.” அவர் குனிந்து அவளுடைய பூட்ஸுக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளந்தார். “பழசு எத்தனை?”

ஐம்பத்தாறு என்றாள்.

“அகலமா?”

அகலம்தான்.

“சாயங்காலம் எங்க வலிக்கும்? பின்கால் தொடையா?”

அவள் கை தானாக அங்கே போனது. ஏழு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பரிசோதனைக் கூடத்துப் படிகளில் வலது தொடையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். வயது என்று நினைத்திருந்தாள்.

“நீங்க திருப்பலை, கானும். இழுத்திருக்கீங்க,” என்றார் அயூப். “ஏழு வருஷம் அடுத்த வீட்டுக் கதவைக் கால்ல கட்டிக்கிட்டு இறங்கியிருக்கீங்க. அதோட விழாம வந்தீங்கன்னா நீங்க மோசமா ஓட்டறவங்க இல்ல.”

ரோஷனக் அந்த அகலப் பலகையிலிருந்து இறங்கவில்லை. அசதி அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் இது வேறு. பேருந்தைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் நின்ற பிறகு, அது வேறு நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்து என்று தெரிந்தால் வருமே, அந்த மாதிரி அசதி. மகிழலாமா, அழலாமா என்று தீர்மானிக்கும் தெம்பு இல்லை.

“அப்ப இவ அளவுக்கே குடுங்க,” என்றான் சியாமக்.

இரண்டு.

“வேண்டாம் உஸ்தா. அவர் அளவுக்குக் குடுங்க. நான் கீழ உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறேன். அவருக்காகத்தானே வர்றோம்.”

“இல்ல என் ரோஷனக் ஜான். உன் அளவுதான்.”

மூன்று. இந்த இடத்தில் வழக்கப்படி ஒருவர் தோற்க வேண்டும். ரோஷனக் தன் பங்கை நன்றாகவே செய்தாள். தலையைச் சாய்த்து, நாக்கைச் சொடுக்கி, எனக்கென்ன இந்த வயசுல, அவரோடதை எடுங்க என்று அயூபைப் பார்த்துச் சொன்னாள். இனி அவன் கையை விரித்து, சரி, உன் இஷ்டம், கடவுள் உன் நிழலை என் தலைமேல் வைத்திருக்கட்டும் என்று சொல்வான். நூற்று ஐம்பத்தொன்பது சுவரிலிருந்து இறங்கும். அவள் வெள்ளிக்கிழமை முழுக்கக் கீழே உட்கார்ந்திருப்பாள். மேல் லிஃப்டின் நாற்காலிகள் மேகத்துக்குள் போவதையும் காலியாக இறங்கி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதையும் அந்த நொடியிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஏற்றுக்கொள்வதுதான் அவளுக்குக் களைப்பு குறைவான வேலை.

சியாமக் கையை விரிக்கவில்லை.

“உன் அளவு,” என்றான்.

நான்கு.

பதினான்கு வருடத்தில் நாலாவது தடவை என்று ஒன்று வந்ததில்லை. ரோஷனக் திரும்பி அவனைப் பார்த்தாள். அன்று காலை முதல் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அவன் பலகைகள் சாத்தியிருந்த சட்டத்தில் சாய்ந்து, எடையெல்லாம் இடதுகாலில் வைத்து நின்றான். வலது முழங்காலின் மேல் அவனுடைய கை இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த சத்தம் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

அயூப் முக்காலியிலிருந்து எழுந்தார். தேநீர் சமோவாரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். சமோவார் அவருடைய முக்காலியின் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

எப்போதிலிருந்து என்று அவள் கேட்டாள்.

முந்தின வருடத்துக்கு முந்தின குளிர்காலத்திலிருந்து என்றான். மாடிப்படி இறங்குவதே சிரமம், டாக்டரைப் பார்த்தாயிற்று, தேய்ந்துவிட்டது, இனிக் குதிப்பதும் திருகுவதும் கூடாது. சொல்லிக்கொண்டே, பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் ஒரு பைண்டிங்கின் பட்டையைத் திறந்து மூடினான். அவனுடைய அலுவலகத்தில் கோரிக்கைக்காரர்களின் கதையைக் கேட்கும்போது அவன் இப்படித்தான் பேனா மூடியைத் திறந்து மூடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

“ரெண்டு வருஷமா நீ மேல போயிட்டுதானே வந்தே?”

“போவேன். நடு நிலையத்துல ஒரு கால் மணி நேரம் உக்காருவேன். அப்புறம் அந்தப் பனி வண்டி போற பாதை இருக்குல்ல, வலது பக்கம். அதுல மெதுவா, கிழவன் மாதிரி, ஒரே சாய்வுல வந்துருவேன்.”

அவன் எப்போதும் வலது பக்கத்திலிருந்துதான் வருவான். அது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள். அங்கே காற்று குறைவு என்று அவன் சொன்னதாகக்கூட ஞாபகம். அல்லது அவளே அப்படி நினைத்துக்கொண்டாளோ.

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீயும் விட்டுருவே. நீ இல்லாம எனக்கு என்னத்துக்கு மலைன்னு சொல்லுவே. மூணு தடவை சொல்லுவே.” அவன் சிரிக்கவில்லை. “சொல்லுவியா, மாட்டியா?”

சொல்லியிருப்பாள். மூன்று தடவையும் சொல்லி, மூன்றாவதில் அது உண்மையாகியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருந்திருப்பார்கள். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும் அவள் துணி மடித்துக்கொண்டும். ஆக இரண்டு வருடமாக இந்த ஆள் தேய்ந்த முழங்காலோடு பனியில் ஏறி உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே வந்து அவள் கையில் ஒரு பலகையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பலகை அவளுக்குச் சேராதது என்று அவனுக்கும் தெரியாது. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று நிறுத்தி வைக்க இடம் தேடுவதற்குள் அது தணிந்துவிட்டது. கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

“நீ கேட்டிருக்கலாம்,” என்றான் அவன். குற்றம் சாட்டும் குரல் இல்லை.

“ஆமா,” என்றாள்.

அயூப் மூன்று கண்ணாடித் தம்ளர்களோடு வந்தார். வந்தவர் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, சுவரில் மேலே இருந்த கீறை முழங்கையால் அழித்தார். அப்புறம் கீழே இருந்த கீறின் இரண்டு பக்கமும் இரண்டு பலகைகளை எடுத்துச் சாத்தினார். ஒன்று நூற்று நாற்பத்தாறு, மற்றது நூற்று நாற்பத்தொன்பது. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

எடைக்கு இரண்டுமே சரி என்றார். மீதியை அவள்தான் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு இளகினது. சொன்ன பேச்சு கேட்கும், தப்பு செய்தால் மன்னிக்கும், வேகம் எடுத்தால் மட்டும் நடுங்கும். நாற்பத்தொன்பது இன்னும் கொஞ்சம் விறைப்பு. முதல் ஒரு மாதம் முறைத்துக்கொள்ளும், ஆனால் செங்குத்தில் பிடித்து நிற்கும், ஆழமான பனியில் மூக்கு முங்காது.

“நடுத்தரத்துல ரெண்டு வகை, கானும்,” என்றார், கல்கண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு. “இருக்கிற இடமே போதும்னு இருக்கிற நடுத்தரம். போயிட்டே இருக்கிற நடுத்தரம். ரெண்டுக்கும் மூணு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். நீங்க எங்க ஓட்டப்போறீங்க? நடு நிலையமா, மேலயா?”

இதற்கு ஒரு மரியாதையான பதில் இருந்தது. எனக்கு நடுவிலேயே போதும் உஸ்தா, நாம என்ன பந்தயத்துக்கா போறோம். அந்த வாக்கியம் வாய் வரை வந்து, முழுசாக, தயாராக நின்றது. சியாமக் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கேட்கும் ஆள் அயூப் இல்லை என்று ரோஷனக்குக்குத் தோன்றியது. பலகைக்கு எத்தனை தடவை உபசாரம் செய்தாலும் அதன் நீளம் மாறப்போவதில்லை.

“மேல,” என்றாள்.

சியாமக் தம்ளரை இறக்கினான். “மேலயா?”

“மேலதான்.”

“எப்ப இருந்து?”

“மூணு வருஷமா இருக்கும்.”

அவன் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு நாக்கைச் சொடுக்கினான். சொல்லியிருக்கலாமே என்பதாகத்தான் இருக்கும். அயூப் நாற்பத்தாறை எடுத்துப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு, திருப்புளியைத் தேடினார். சின்ன பைண்டிங்கை எடுத்து அவள் பூட்ஸை அதில் பொருத்திப் பார்த்து, முன்னும் பின்னும் ஓரத்துக்குச் சமதூரம் வரும்வரை நகர்த்தி நகர்த்தி முடுக்கினார். இனி இதில் வேறு எவர் காலும் நுழையாது என்பது முடுக்கி முடித்தபோது மூவருக்கும் தெரிந்தது. காசு நீட்டியபோது அவர் உங்களைவிடவா என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் கடமைக்கு.

லிஃப்டின் நாற்காலியில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஏழு வருடமும் அது காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்று அவள் அதைப் பார்த்தாள். நடு நிலையத்தில் இறங்கி, முதலில் பழகிய சரிவிலேயே ஒருமுறை போய் வரலாம் என்று பட்டைகளை மாட்டினாள். பழைய வழக்கப்படி முதல் திருப்பத்திலேயே பின்காலை முழு பலத்தோடு உதைத்தாள். உதைக்க அங்கே எதுவும் இல்லை. பலகை விருட்டென்று முழுவட்டம் சுற்ற, மல்லாந்து விழுந்தாள். ஏழு வருடமாக விழாதவள். பனியில் கிடந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பெண் நின்று, அடி பட்டுச்சா கானும் என்று கேட்டுவிட்டுப் போனது.

எழுந்து இரண்டாம் தடவை பாதி பலத்தோடு திருப்பினாள், அதுவும் அதிகமாக இருந்தது. ஐந்தாறு திருப்பத்துக்குப் பிறகு உதைப்பதை நிறுத்திவிட்டு, போகவேண்டிய பக்கம் முன்தோளை லேசாகத் திருப்பி முன்காலில் சாய்ந்தாள். பலகை திரும்பியது. மறுபக்கம் பார்த்தாள். திரும்பியது. அங்கங்கே முறைத்துக்கொண்டதுதான், அவர் சொன்னபடியே. ஆனால் தொடை எரியவில்லை. சரிவு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. இவ்வளவு சின்னச் சரிவா இது என்று இருந்தது.

அடிவாரத்தில் நின்றதும் குனிந்து பட்டைகளைக் கழற்றினாள். பலகையைத் தூக்கி நிமிர்த்தி, இரண்டு கையாலும் முன்னே நீட்டினாள். வாங்க யாருமில்லை. நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

சியாமக் சிற்றுண்டிக் கடையின் வெளி பெஞ்சில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வலது காலை எதிரே இருந்த நாற்காலியில் நீட்டி வைத்திருந்தான். அவன் மலைக்கு வந்து இப்படிக் கால் நீட்டி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஒரு கிண்ணம் ஆஷ் சூப் சாப்பிட்டு முடித்திருந்தான். இன்னொரு கிண்ணம் மூடிவைத்து அவளுக்காக இருந்தது. கண்கள் மூடியிருந்தன.

அவள் பலகையைச் சுவரில் சாத்தும் சத்தத்தில் விழித்தான்.

“எப்படி இருந்துச்சு?”

“பரவாயில்ல. விழுந்தேன்.”

“நல்லா இருந்துச்சா?”

“நீ இல்லாம...” என்று தொடங்கினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கோரிக்கைக்காரர்களைப் பார்ப்பது போல, பொறுமையாக.

“நல்லா இருந்துச்சா, ரோஷனக்?”

“நல்லா இருந்துச்சு,” என்றாள். சொன்ன பிறகு ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டாள். “ரொம்ப.”

அவன் தலையசைத்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று விழுந்துவிட்டதா, இல்லை இறக்கி வைக்கப்பட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஆஷைக் குடித்தாள். அவன் ஃப்ளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது, ஒரு கணம் இருவர் கையும் அந்த மூடியைப் பிடித்திருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தலையணை கொண்டுவர வேண்டும், இந்தப் பெஞ்ச் முதுகைக் குத்துகிறது என்றான். அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறான் என்று அவள் அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. மேல் லிஃப்டை மூன்று மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அவளுக்குக் கண் எரிந்தது, காலை நாலரையிலிருந்து விழித்திருக்கிறாள், விழுந்த இடுப்பு இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. மேகம் மேல் கம்பங்களில் பாதியை மூடியிருந்தது.

“இன்னிக்கு மேல போகட்டுமா, இல்ல அடுத்த வாரமா?” என்று கேட்டாள்.

“இன்னிக்குப் போ,” என்றான் சியாமக், கண்ணை மூடிக்கொண்டே.

ரோஷனக் வழக்கம்போல இரண்டாவது தடவைக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். அவன் தூங்கிவிட்டிருந்தான். கிண்ணத்தை வைத்துவிட்டு, அவன் கழுத்திலிருந்து நழுவியிருந்த மஃப்ளரைச் சுற்றிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரிசையில் போய் நின்றாள்.